முப்பத்தெட்டு மீட்டர்

தோட்டத்துக் கடை, மேல் லயம்
3 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மகேன் எழுதுறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? இங்கே மூணு நாளா மூட்டம் இறங்கவே இல்லை, கொழுந்து எடுக்கிறவங்க பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டுத்தான் மலையேறுறாங்க. மத்தபடி எனக்கும் நவமணிக்கும் ஒரு குறையும் இல்லை.

போன்ல கூப்பிடலாம்தான். ஆனா அப்பா போனதிலிருந்து போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் பாதியிலேயே வெச்சிடுறோம். கடிதம்னா நீ கடைசி வரி வரைக்கும் படிச்சிடுவ.

விஷயம் இதுதான். மாவட்டத்துல மது விக்கிற லைசென்ஸ் விதியை மாத்திட்டாங்க. இனிமே புதுப்பிக்கணும்னா, யார் பேர்ல லைசென்ஸ் இருக்கோ அவங்களே நேர்ல வந்து, கடையை நான்தான் பாத்துக்கிறேன்னு எழுதிக் கொடுக்கணுமாம். வழிபாட்டு இடத்துக்கு நூறு மீட்டருக்குள்ள கடை இருக்கவும் கூடாதாம்.

லைசென்ஸ் உன் பேர்லதான் இருக்கு. அப்பா செத்தப்ப எனக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லை, அதனால உன் பேர்ல போட்டோம். எனக்கு நீல அட்டை கிடைச்ச பிறகாவது மாத்தியிருக்கணும், விட்டுட்டேன். வருஷா வருஷம் நீ ஒரு கையெழுத்து போட்டு அனுப்புவ, வேலை முடிஞ்சிடும். இந்த வருஷம் அப்படி முடியாது போல.

இன்னொன்னு, கடைக்குப் பின்னாடி நம்ம முனியாண்டி சாமி கல்லு இருக்கு. புதுப் பெட்டி பிரிச்சா முதல் போத்தல் அவருக்குன்னு அப்பா ஆரம்பிச்சதை நான் இன்னும் விடலை. பக்கத்துல கடை இருக்கிறது அவருக்கு வசதிதானே லா. இதை லைசென்ஸ் ஆபீசர்கிட்ட சொன்னா சிரிக்க மாட்டான்.

அரிசி, சார்டின் டின்னுக்கெல்லாம் இப்ப எல்லாரும் தானா ராத்தா டவுனுக்குப் போயிடுறாங்க. லைசென்ஸ் போனா கடை போச்சு. கடை போனா வீடும் போச்சு, ரெண்டும் தோட்டத்தோடது. நல்லா யோசிச்சு எழுது.

உன் தம்பி
மகேன்

அண்ணி, தைலம் தேச்சீங்களா? இதோட ஒரு பொட்டலம் தேயிலை இருக்கு. தூள் இல்லை, நல்ல இலை, ஃபேக்டரியில சலிக்கும்போதே எடுத்தது. மானேஜரைப் பாத்தா சொல்லிடாதீங்க. — நவமணி


ஈப்போ
11 ஜூலை 2024

அன்புள்ள மகேனுக்கு,

உன் கடிதமும் நவமணியின் தேயிலையும் வந்தன. முழங்கால் படியேறும்போது மட்டும் தகராறு செய்கிறது. உன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நீ எழுதவில்லை. எழுது.

விதியின் நகல் ஒன்றை அனுப்பு. மற்றவர்கள் சொல்வதை வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக நீ அனுப்பும் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்றில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். இதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கடையை நான் பார்த்துக்கொள்வதாக எழுதித் தர முடியாது. நான் அந்தக் கல்லாவில் கடைசியாக நின்றது பள்ளியில் படிவம் ஐந்து படித்தபோது வந்த விடுமுறையில். உன் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று கேள்.

முனியாண்டி விஷயம் அவ்வளவு எளிதல்ல. லோரிப் பாதையை அகலப்படுத்த அந்தக் கல்லை எடுக்கப் போகிறார்கள் என்று 2015இல் நீ பதறி எழுதினாய். நான்தான் மலாயில் விண்ணப்பம் எழுதி அதைக் கோவிலாகப் பதிவு செய்ய வைத்தேன். அந்தத் தாள் எங்காவது ஒரு கோப்பில் இருக்கும்.

நவமணிக்கு என் அன்பு. தேயிலை நன்றாக இருக்கிறது.

அன்புடன்
மோகனா


மேல் லயம்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை சாப்பிடுறேன். நீயும் உடம்பைப் பாத்துக்கோ.

ஆடித் திருவிழா ஜூலை 28ஆம் தேதி முடிஞ்சது. வழக்கம்போல நாகப்பன் மச்சான்தான் சாமியாடினார். நவமணியோட அண்ணனைத் தவிர வேற யார் மேலயும் முனியாண்டி வர்றதில்லை, உனக்குத் தெரியும். நல்ல கூட்டம்.

அதுக்கு அடுத்த வாரம் ஆபீசர் வந்தான். சக்கரம் வெச்ச அளவுகோலைக் கடை வாசல்ல இருந்து முனியாண்டி வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போனான். முப்பத்தெட்டு மீட்டர். ‘இது சும்மா ஒரு கல்லுதான், துவான்’னு மரியாதையாத்தான் சொன்னேன். அவன் போனைத் திறந்து நீ எழுதின விண்ணப்பத்தைக் காட்டினான். ‘தினசரி பூஜை, மூன்று தலைமுறை வழிபாடு.’ அக்கா, நீ அவ்வளவு நல்லா எழுதியிருக்க வேண்டாம்.

பேர் மாத்த முடியாதாம். உன் பேர்ல புதுப்பிச்சாத்தான் உண்டு. அதனால சாமியை நகர்த்திடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஃபேக்டரிக்கு மேலே சரிவுல நல்ல இடம் இருக்கு. முறைப்படி பூக்கட்டிப் பாத்தோம். வெள்ளை வந்தா சம்மதம், சிவப்பு வந்தா இல்லை. வெள்ளைதான் வந்தது. லயத்துல எல்லாரும் பாத்தாங்க.

நாகப்பன் மச்சானுக்குக் கண்ல கொஞ்சம் கோளாறு. இனிப்புநீர் வியாதி இருந்திருக்கும் போல, கவனிக்காம விட்டுட்டார். ஆஸ்பத்திரியில பாத்தாச்சு.

நவமணி கையில கொதிக்கிற எண்ணெய் பட்டுடுச்சு, அதனால இந்தத் தடவை எழுதலை. விசாரிச்சதா சொன்னா.

உன் தம்பி
மகேன்


ஈப்போ
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மகேனுக்கு,

நான் நலம். நவமணியின் கைக்குக் குளிர்ந்த தண்ணீர் தவிர வேறு எதையும் தடவ வேண்டாம். எந்தக் கை என்று எழுது.

சாமியை எங்கே வைப்பது என்று லயத்தில் இருப்பவர்கள் முடிவு செய்யட்டும். எனக்கு அதில் கருத்து இல்லை.

நாகப்பனைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நான்கு பத்திகளுக்குப் பிறகு, பூக்கட்டிப் பார்த்ததற்கும் கீழே, இரண்டு வரியில் எழுதியிருக்கிறாய். போன சித்திரையில் அவர் ஈப்போவுக்கு வந்தபோது என்னோடு கிளினிக்குக்கு வந்து இரத்தம் பரிசோதித்தார். இனிப்புநீர் இல்லை. கொழுப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஒரு கண்ணா, இரண்டுமா? மெதுவாக மங்கியதா, ஒரே நாளில் போனதா? திருவிழாவில் அவர் என்ன குடித்தார்?

இதற்குப் பதில் வந்த பிறகு லைசென்ஸ் பற்றிப் பேசலாம்.

மோகனா


ஈப்போ
12 செப்டம்பர் 2024

அன்புள்ள மகேனுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லை, உன்னிடமிருந்து நான்கு வாரமாகக் கடிதம் இல்லை.

நான் கேட்டவை சின்னக் கேள்விகள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. அதையும் நம்புகிறேன்.

மோகனா


மேல் லயம்
23 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மழை ஆரம்பிச்சிடுச்சு. கீழே லெம்பா பெர்த்தாம் பக்கம் இப்பவே எல்லாரும் வெள்ளம் வருமான்னு ஆத்தைப் பாத்துக்கிட்டு இருக்காங்களாம்.

லைசென்ஸ் போர்டு விசாரணை நவம்பர் 14, காலை ஒன்பது மணி, தானா ராத்தாவுல. நீ வந்தே ஆகணும்.

கல்லையும் சூலத்தையும் போன மாசமே மேலே கொண்டு போயாச்சு. அதுல இப்ப ஒரு தொல்லை. நாங்க நகர்த்தின மறுநாளே பொம்பளைங்க பழைய இடத்துக்கு வந்துட்டாங்க. அங்கே வெறும் சிமெண்டு மேடைதான் இருக்கு. அதுக்கு விளக்கு ஏத்தி, பூ வெச்சுட்டு வேலைக்குப் போறாங்க. தினமும். சாமிதான் மேலே இருக்காரேன்னு கேட்டா, ‘அவர் போனாரா, நீ தூக்கிட்டுப் போனியா?’ன்னு கேக்குறாங்க. ஆபீசர் மறுபடி வந்து அதையும் படம் எடுத்துட்டான்.

அதனால இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். ‘மேற்படி இடத்தில் வழிபாடு எதுவும் நடப்பதில்லை, 2015 விண்ணப்பம் தவறான தகவலின் பேரில் எழுதப்பட்டது.’ நீதான் எழுதினவ, நீ சொன்னா எடுபடும். கையெழுத்து போட்டா போதும். சின்ன வயசுலயே கோவிலுக்கு வர மாட்டேன்னு அப்பாகிட்ட அடி வாங்கினவ நீ. உனக்குக் கல்லு கல்லுதானே. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை.

நவமணிக்குக் கை இன்னும் ஆறலை.

மகேன்


ஈப்போ
30 செப்டம்பர் 2024

அன்புள்ள நவமணிக்கு,

கடைக்குப் போட்டால் உன் கைக்கு வராது என்பதால் ஃபேக்டரி விலாசத்துக்கு எழுதுகிறேன். சலிக்கும் பகுதி என்று உறையில் போட்டிருக்கிறேன், கிடைக்கும்.

உன் கை எப்படி இருக்கிறது? எட்டு வாரத்தில் ஆறாத எண்ணெய்க் காயம் என்றால் நீ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், என்ன நடந்தது என்று எனக்கு எழுது. உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நாகப்பனுக்கு இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத வேண்டாம் என்று தோன்றினால் வெறும் உறையை அனுப்பு. புரிந்துகொள்வேன்.

அண்ணி


மேல் லயம்
16 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க காலுக்கு இப்ப தேவலையா? என் கைக்கு ஒன்னும் இல்லை. ஒரு நாளும் எண்ணெய் படலை. உங்களுக்கு எழுத மாட்டேன்னு நான்தான் சொன்னேன். எழுதினா உண்மையைத்தான் எழுத வரும். அதுக்கு அவர் எண்ணெய்ன்னு காரணம் எழுதிட்டார்.

சாமி போத்தல் எப்பவும் முன் அலமாரியில இருக்கிற சீல் வெச்ச சரக்கு. இந்த வருஷம் காய்கறி லோரிக்காரன் ஒரு பெட்டி சம்சு, அந்த மலிவுச் சாராயம், கொண்டாந்து வெச்சான். போத்தல்ல பேர் இல்லை, தாள் இல்லை. திருவிழா அன்னைக்குத்தான் அந்தப் பெட்டியைப் பிரிச்சார். முதல் போத்தலை எடுத்துப் படையல்ல வெச்சார். இது என்னங்க, லேபிள்கூட இல்லையேன்னு கேட்டேன். ‘சாமி லேபிள் படிக்கவா போறார்’னார். நானும் சிரிச்சேன் அண்ணி. அதை மறைக்க மாட்டேன்.

அண்ணனுக்குச் சாமி வந்ததும் அந்தப் போத்தலைக் கவுத்து முழுசும் குடிச்சிட்டார். மறுநாள் காலையில வாந்தி. மத்தியானம் வாசல்ல உக்காந்துக்கிட்டு, ‘என்ன இன்னைக்கு மூட்டம் இறங்கவே மாட்டேங்குது’ன்னார். வெளியே நல்ல வெயில்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, என்ன குடிச்சார், எங்கே வாங்கினதுன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அண்ணன் அரை மயக்கம். இவர்தான் பதில் சொன்னார். பீர்தான், கூட இனிப்புநீர் இருக்குன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். வாய் திறக்கலை. மூணாம் நாள் ரெண்டு கண்ணும் போயிடுச்சு. ஆள் உக்காந்திருக்கிறது நிழலா தெரியுதாம், அவ்வளவுதான்.

பூக்கட்டினதும் நான்தான். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன். அவர் சொன்னார், வெச்சேன்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. விரதத்துல ஒரு நாள் மறந்து ஒரு துண்டு கருவாடு தின்னுட்டாராம். அதுக்குத்தான் சாமி கண்ணை எடுத்துக்கிட்டார்னு சொல்றார். அப்பலேருந்து ஒரு வேளைதான் சாப்பாடு. மன்னிப்புக் கேட்டு அந்த வெறும் மேடைக்குச் சுவரைத் தடவிக்கிட்டே போறார். அதைப் பாத்துத்தான் மத்த பொம்பளைங்களும் அங்கே விளக்கு வைக்கிறாங்க.

மிச்சத்தை எல்லாம் கொட்டிட்டேன்னார். ஒன்னை மட்டும் நான் அரிசிப் பீப்பாய்க்குள்ள வெச்சிருக்கேன்.

நான்தான் எழுதினேன்னே அவர்கிட்ட சொல்லுங்க. இதுக்கு மேல பயப்பட என்கிட்ட ஒன்னும் இல்லை.

நவமணி


ஈப்போ
22 அக்டோபர் 2024

மகேனுக்கு,

உடல்நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

நவமணி எழுதினாள். அதை உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவள்தான். அவளிடம் ஒரு வார்த்தை கூடப் பேசாதே.

அந்தப் போத்தலில் இருந்தது என்ன என்று பரிசோதிக்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் மெத்தனால் என்று ஊகிக்க ஆய்வகம் தேவையில்லை. கண்ணைத்தான் முதலில் எடுக்கும். முதல் நாளே டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மாற்று மருந்து கொடுத்திருப்பார்கள். பார்வை தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். அந்த வாய்ப்பை நீ அவருக்கு விட்டுவைக்கவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து வேறு யாராவது குடித்தார்களா? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே விசாரித்து எழுது. நாகப்பனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நடந்ததைச் சொல். தாமதமானாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ அனுப்பிய தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். கல்லில் சாமி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அங்கே கும்பிடுகிறார்கள் என்பது தெரியும். கல்லை எடுத்த பிறகும் கும்பிடுகிறார்கள். 2015இல் நான் எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை.

14ஆம் தேதி வருவேன். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பேன். அந்தப் போத்தல் என் பெயரில் இருக்கும் கடையிலிருந்து போயிருக்கிறது, அதையும் சொல்வேன். நவமணியை அந்தப் போத்தலோடு வரச் சொல்.

அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாகப்பனிடம் நீயே போய்ச் சொல். தான் தின்ற ஒரு துண்டு கருவாட்டுக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் பட்டினி கிடக்கிறார். இதை நானோ போலீஸ்காரரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது.

வீடு போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மோகனா


ஈப்போ
6 நவம்பர் 2024

மகேனுக்கு,

பதில் இல்லை. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நவமணி ஃபேக்டரியிலிருந்து ஒரு வரி எழுதியதால் இதுவரை பொறுத்தேன்.

14ஆம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். நேரே விசாரணைக்குப் போய்விடுவேன். அங்கே நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்வது மாறாது. நீ நாகப்பனிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

மோகனா


மேல் லயம்
12 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கிறதா நவமணி சொன்னா. இங்கே குளிர் அதிகம். ஆபீசுக்கு வெளியே நீ என்கிட்ட ஒன்னும் கேக்காம பஸ் ஏறிட்ட. ரெண்டு மாசமா எழுத உக்காந்து எழுந்திருச்சிட்டேன்.

விசாரணைக்கு முதல் நாள் காலையில மச்சான்கிட்ட சொன்னேன். அவர் அந்த வெறும் மேடையிலதான் உக்காந்திருந்தார். லோரிக்காரன், பெட்டி, டாக்டரம்மாகிட்ட நான் சொன்ன பொய், பூ, எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பார்னு நினைச்சுப் பக்கத்துலயே நின்னேன். அப்புறம், ‘அப்ப கருவாட்டுக்கு இல்லையா?’ன்னார். இல்லை மச்சான்னேன். ‘போ’ன்னார். அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசலை. ஆஸ்பத்திரிக்கு என்னோட வரவும் மாட்டேன்னுட்டார், நவமணிதான் கூட்டிட்டுப் போனா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்களாம். கண்ணு திரும்பாதுன்னாங்களாம்.

விசாரணையில நீ பேசும்போது உன் பின்னாடிதான் நின்னேன். லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, அந்தப் போத்தலுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டுப் பேப்பரை மேசை மேல வெச்ச. அடுத்து நீ என் பேரைச் சொல்லுவன்னு காத்திருந்தேன். நீ சொல்லலை. அவங்க உன்னைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. சேர்மன் பேனாவை எடுத்தார். அதனாலதான் வாயைத் திறந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். நீ அதுக்காகத்தான் நிறுத்தினியா, இல்லை நிஜமாவே அவ்வளவுதான் சொல்ல வந்தியா, எனக்குத் தெரியலை. எழுத வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும்.

போத்தலைப் போலீஸ் எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. என் வாக்குமூலமும் அவங்ககிட்ட இருக்கு, கேஸ் வரும். கடையை மாசி முடியறதுக்குள்ள காலி பண்ணணும்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிட்டார். நவமணி ஃபேக்டரியில இருக்கிறதால லயத்துல ஒரு வீடு அவ பேருக்குத் தர்றாங்க. நான் இனிமே அவ வீட்டுல குடியிருக்கிறவன்.

கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டாந்தாச்சு. தூக்குறதுக்கு என்னைக் கூப்பிடலை.

நீ கேட்டதுக்கு இன்னும் பதில் எழுதலை. அந்தப் பெட்டியிலிருந்து வேற யாரும் குடிக்கலை. மறுநாள்தான் விக்கிறதா இருந்தேன். முதல் போத்தல் சாமிக்குன்னு அப்பா வெச்ச வழக்கம் இல்லைன்னா, மறுநாள் சாயந்திரம் என் கடை வாசல்ல அதைக் குடிச்சுக்கிட்டு இருபது பேர் உக்காந்திருப்பாங்க. ஒவ்வொரு பேரா மனசுல வருது.

மாத்திரை சாப்பிடுறேன்.

மகேன்

அண்ணி, கை சரியாயிடுச்சு. நேத்து அண்ணன் கருவாடு இருக்கான்னு கேட்டார். பொரிச்சுக் கொடுத்தேன். மத்தியானமும் சாப்பிட்டார், ராத்திரிக்கும் மிச்சம் வைக்கச் சொன்னார். — நவமணி